உடல் எடை தரைக்கு இறங்கும் வழி: இடுப்பு முதல் கால்விரல் வரை

[திரையில்: நிற்கும் மனித எலும்புக்கூட்டின் முன்பக்கத் தோற்றம்]

வணக்கம். இடுப்பெலும்பையும் சேர்த்தால் நம் ஒவ்வொரு காலிலும் 31 எலும்புகள் உள்ளன. அவற்றின் பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்வது சலிப்பான வேலை. மாறாக, தலையும் கைகளும் உடலும் சேர்ந்த எடை எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்று பின்தொடர்ந்து சென்றால், ஒவ்வோர் எலும்பும் ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது என்பது விளங்கத் தொடங்கும்.

[திரையில்: இடுப்பெலும்பு, மூன்று பகுதிகளும் மூன்று நிறங்களில்]

முதுகெலும்புத் தொடர் சுமந்துவரும் எடை, அதன் அடியிலுள்ள முக்கோண வடிவத் திருவெலும்பை அடைந்து, இருபுறமும் பிரிந்து இடுப்பெலும்புகளுக்குச் செல்கிறது. பெரியவர்களிடம் ஒரே எலும்பாகத் தெரியும் இடுப்பெலும்பு, பிறக்கும்போது மூன்று துண்டுகளாக இருக்கிறது. மேலே அகன்று விரிந்திருப்பது இலியம். குழந்தையையும் தண்ணீர்க் குடத்தையும் இடுப்பில் தாங்கிக்கொள்வது அதன் மேல்விளிம்புதான். கீழே பின்புறம் இருப்பது இஸ்கியம். நிமிர்ந்து உட்காரும்போது எடையை ஏற்பது அதன் தடித்த முனை. முன்புறம் இருப்பது பியூபிஸ். மூன்றும் சந்திக்கும் இடத்தில் ஆழமான கிண்ணக்குழி ஒன்று அமைந்திருக்கிறது. குழியின் அடியில் மூன்று கிளைகளாகப் பிரிந்துள்ள குருத்தெலும்பு, பதின்பருவத்தின் நடுவில்தான் முழுதும் எலும்பாகி மூன்றையும் ஒன்றாக்குகிறது.

[திரையில்: தொடையெலும்பின் மேல்முனை, நீளவாக்கில் வெட்டிய தோற்றம்]

அந்தக் குழிக்குள் பொருந்துவது தொடையெலும்பின் உருண்டையான தலை. உடலிலேயே மிக நீளமான இந்த எலும்பு, ஒருவருடைய உயரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இருக்கும். இதில் நாம் நின்று பார்க்க வேண்டிய பகுதி கழுத்து. தலையானது தண்டின் உச்சியில் நேராக அமராமல், கழுத்து என்னும் சாய்ந்த பகுதியால் உட்பக்கம் தள்ளி நிற்கிறது. கழுத்துக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள கோணம் பிறந்த குழந்தையிடம் 150 பாகையை ஒட்டியிருந்து, வளர வளரக் குறைந்து, பெரியவர்களிடம் 125 முதல் 130 பாகை வரை வந்து நிற்கிறது.

நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் சிறிது நேரம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். அப்போது உடல், தூக்கிய காலின் பக்கம் சரியப் பார்க்கும். இடுப்பின் வெளிப்புறத்திலுள்ள பிட்டத் தசைகள், தொடையெலும்பின் வெளிப்புறப் புடைப்பைப் பிடிமானமாகக் கொண்டு இலியத்தை இழுத்து அந்தச் சரிவைத் தடுக்கின்றன. கழுத்து அந்தப் புடைப்பை மூட்டிலிருந்து விலக்கி வைப்பதால் தசைக்கு நெம்புகோலின் நீளம் கிடைக்கிறது. ஆயினும் உடல் எடையின் பக்கத்து நெம்புகோல் அதைவிட நீளமானது என்பதால், தசை எடையை மிஞ்சிய விசையுடன் இழுத்தாக வேண்டும். எடையும் இழுவையும் சேர்ந்து, ஒற்றைக் காலில் நிற்பவருடைய மூட்டை உடல் எடையைப் போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு வரை அழுத்துகின்றன. இடுப்பு மூட்டு வலி உள்ளவர்கள் கைத்தடியை வலியில்லாத பக்கத்துக் கையில் ஊன்ற வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். அந்த ஊன்றல் தசையின் வேலையைக் குறைக்கிறது. ஆனால் பலர் வலிக்கும் பக்கத்திலேயே ஊன்றுகிறார்கள்.

1866-இல் சூரிச்சில், உடற்கூற்றியலாளர் ஹெர்மன் வான் மேயரின் தொடையெலும்பு வெட்டுமுகத்தைப் பார்த்த பொறியாளர் கார்ல் குல்மான், உள்ளிருந்த நுண்ணிய எலும்பு இழைகள், வளைந்த பாரந்தூக்கியில் அழுத்தமும் இழுவையும் ஓடும் கோடுகளை ஒத்திருப்பதைக் கவனித்தார். அந்த ஒப்புமையை அப்படியே ஏற்பதற்கில்லை என்று பின்னர் வந்தவர்கள் திருத்தினார்கள். ஆனால், சுமக்கும் விசைக்கேற்ப எலும்பு தன்னை மாற்றியமைத்துக்கொள்கிறது என்ற கருத்து நிலைத்துவிட்டது.

முதுமையில் எலும்பு மெலியும்போது தொடையெலும்புக் கழுத்தின் இந்தச் சாய்வே பலவீனமாகிறது. குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டிக்கு இடுப்பு முறிந்துவிட்டது என்று சொல்லும் வீடுகளில், பெரும்பாலும் முறிந்திருப்பது தொடையெலும்பின் மேல்முனைதான். தொடையெலும்பின் தலைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாளங்கள் பெரும்பாலும் அதன் கழுத்தை ஒட்டியே ஏறுகின்றன. கழுத்து முறிந்து விலகினால் அவை அறுந்து, தலைப்பகுதி இரத்தமின்றி இறந்துபோகக்கூடும். வயதானவர்களுக்குப் பல நேரங்களில் முறிவை இணைக்காமல் செயற்கைத் தலையைப் பொருத்துவதற்கு இதுவே காரணம். கழுத்துக்குச் சற்றுக் கீழே, புடைப்புகளுக்கு இடையில் முறிந்தால் இரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால் எலும்பு கூடும் வாய்ப்பு அதிகம்.

[திரையில்: முழங்கால், பக்கவாட்டுத் தோற்றம்]

தொடையெலும்பு இறங்கும்போது உட்பக்கமாகச் சாய்வதால், இடுப்பில் விலகியிருக்கும் கால்கள் முழங்காலில் நெருங்கி, உடலின் நடுக்கோட்டுக்கு அருகே ஊன்றுகின்றன. சிம்பன்சிகளிடம் இந்தச் சாய்வு இல்லை. எத்தியோப்பியாவின் ஹடாரில் 1973-இல் மானுடவியலாளர் டொனால்ட் ஜோஹான்சன் கண்டெடுத்த, 30 லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையான முழங்கால் மூட்டில் அது இருந்தது. இரு காலில் நடந்த ஓர் உயிரினத்தின் மூட்டு அது என்று அறிய அதுவே உதவியது.

முன்புறத் தசைநாணுக்குள் உருவாகும் முழங்கால் சில்லு, அந்த நாணை மூட்டிலிருந்து தள்ளிவைத்துக் காலை நீட்டும் திறனைக் கூட்டுகிறது. பிறந்த குழந்தையிடம் அது வெறும் குருத்தெலும்பு என்பதால் எக்ஸ்ரேயில் தெரியாது.

முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளில், எடையைப் பெரும்பாலும் ஏற்பது உட்புறமுள்ள டிபியா. அதன் உட்பக்கத்தை மூடத் தசையே இல்லை; தோலுக்கு அடியில் நேராக எலும்புதான். கட்டில் காலில் இடித்துக்கொண்டால் உயிர் போவதும், விபத்தில் முறிந்த முனை எளிதாகத் தோலைக் கிழித்து வெளிவருவதும் இதனாலேயே. வெளிப்புற ஃபிபுலா முழங்கால் மூட்டில் பங்கேற்பதே இல்லை. கீழே கணுக்காலின் வெளிக்குமிழாக மூட்டை அணைத்துப் பிடிக்கிறது. அதன் நடுப்பகுதி இல்லாமலும் நடக்க முடியும் என்பதால், வாய்ப் புற்றுநோயால் கீழ்த்தாடையை இழந்தவர்களுக்கு அப்பகுதியை இரத்தநாளங்களோடு எடுத்துப் புதிய தாடையாக அமைக்கிறார்கள்.

[திரையில்: பாதம், உட்பக்கத் தோற்றம்]

கணுக்காலில் எடையை வாங்கிக்கொள்ளும் டேலஸ் எலும்பில் ஒரு தசையும் ஒட்டுவதில்லை. அதன் பரப்பில் பாதிக்கும் மேல் மூட்டுக் குருத்தெலும்பே போர்த்தியிருக்கிறது. குந்தி உட்காரும் பழக்கமுள்ள மக்களிடம், டிபியாவின் முன்விளிம்பும் டேலஸின் கழுத்தும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் வழவழப்பான சிறு மூட்டுப்பரப்புகள் உருவாகின்றன. இந்தியர்களின் எலும்புகளில் அவை அடிக்கடி காணப்படுகின்றன.

டேலஸிலிருந்து எடை பின்னே குதிகால் எலும்புக்கும் முன்னே பாதத்தின் வளைவுக்கும் பிரிகிறது. கட்டடச் சாரத்திலிருந்தோ பனைமரத்திலிருந்தோ நின்றவாக்கில் விழுபவரின் குதிகால் நொறுங்கும்போது, விசை இதே வழியில் மேலேறி முதுகெலும்பையும் முறித்திருக்கக்கூடும். எனவே அத்தகையவரின் முதுகையும் பரிசோதிக்க வேண்டும். வளைவைத் தாங்குவது எலும்புகளின் வடிவம் மட்டுமன்று, அடியில் விறைப்பாக ஓடும் இணைப்புத் திசுவுந்தான். சிறு குழந்தைகளின் பாதம் தட்டையாகத் தெரிவது இயல்பு. வளைவு வளர்ந்து வெளித்தெரியச் சில ஆண்டுகள் ஆகும்.

வளைவின் முன்கால்களாக இருப்பவை, கால்விரல்களுக்குப் பின்னால் நீளவாக்கில் அமைந்த ஐந்து மெட்டாடார்சல் எலும்புகள். இவற்றுள் இரண்டாவது, நடுப்பாத எலும்புகளுக்கிடையில் இறுகப் பொருந்தியிருப்பதால் அசைந்து கொடுப்பதில்லை. நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த பிரஷ்யப் படைவீரர்களின் பாதவலியையும் வீக்கத்தையும் 1855-இல் படைமருத்துவர் பிரைத்தாப்ட் பதிவு செய்தார். எக்ஸ்ரே வந்த பிறகுதான் அது இவ்வெலும்புகளில் விழும் நுண்விரிசல் என்று தெரிந்தது. இன்று திடீரென ஓட்டப் பயிற்சியைக் கூட்டுபவர்களுக்கும் இது வருகிறது. முதல் இரண்டு வாரங்களில் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போகலாம் என்பதால், வலி நீடித்தால் மீண்டும் ஒருமுறை படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.