விதை பாக்கெட் கடைசியில்: புதுக் காய்கறித் தோட்டத்துக்கு 10 வாரத் தயாரிப்பு

[காட்சி: நாட்காட்டி. விதைக்கும் தேதியைச் சுற்றி ஒரு வட்டம். விரல் அங்கிருந்து பின்னோக்கி நகர்கிறது.]

எந்தத் தேதியில விதைக்கப் போறீங்களோ, அதைக் குறிச்சுக்கிட்டு 10 வாரம் பின்னாடி எண்ணுங்க. தோட்ட வேலை அன்னிக்கே ஆரம்பிச்சிடுது. உரத்தைக் காசு கொடுத்து வாங்கிடலாம், விதையையும் வாங்கிடலாம். களை சாகறதுக்கும் மண் செட்டாகறதுக்கும் ஆகுற நாளை மட்டும் யாராலயும் வாங்க முடியாது. புதுத் தோட்டம் முதல் பருவத்துலயே சொதப்புறது பெரும்பாலும் இந்த அவசரத்தாலதான்.

இடம் பார்க்கிறது சுலபம். காலையில இருந்து சாயங்காலம் வரை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அதே இடத்தை போன்ல படம் எடுங்க. தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை மாதிரி காய்க்கிற செடிக்கு 6 முதல் 8 மணி நேரம் நேரடி வெயில் வேணும். கீரைக்கு 4 மணி நேரம் இருந்தாலும் ஓடிடும். பெரிய மரம் பக்கத்துல இருந்தா நிழலைவிட வேர்தான் பெரிய தொல்லை. நீங்க ஊத்துற தண்ணியை அது முதல்ல குடிச்சிடும்.

[காட்சி: ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடி. மூன்றில் ஒரு பங்கு மண்.]

இப்போ மண். அரை அடி ஆழத்துல இருந்து எடுத்து, கல்லு, வேரெல்லாம் பொறுக்கிட்டு, ஜாடியில மூணுல ஒரு பங்கு போடுங்க. கழுத்து வரை தண்ணி, ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவுற திரவம். மூடி போட்டு 5 நிமிஷம் நல்லா குலுக்கி, அசையாத இடத்துல வைங்க. ஒரு நிமிஷத்துல அடியில தங்குறது மணல். அங்கே ஒரு கோடு போடுங்க. ரெண்டு மணி நேரம் கழிச்சு அதுக்கு மேல படிஞ்சிருக்கிறது வண்டல். இன்னொரு கோடு. களி மெதுவாத்தான் இறங்கும், ஒரு நாள், சமயத்துல ரெண்டு நாள்கூட ஆகும். படிஞ்ச மொத்த உயரத்தைப் பத்துப் பங்காப் பிரிச்சா, அதுல மணல் 4, வண்டல் 4, களி 2 பங்கு இருந்தா கொடுத்து வெச்சவங்க நீங்க. களி 4 பங்கைத் தாண்டினா கனத்த மண்ணு.

அப்படிக் கனத்த மண்ணுல "கொஞ்சம் ஆத்து மணல் கலந்தா சரியாயிடும்"னு யாராவது சொன்னா கேட்காதீங்க. மொத்த மண்ணுல பாதிக்கு மேல மணல் ஆனாத்தான் அதோட குணம் மாறும். கொஞ்சமா கலந்தா, களித்துகள் மணலுக்கு இடையில புகுந்து காய்ஞ்சதும் செங்கல் மாதிரி இறுகிடும். களிமண்ணுக்கும் மணல் மண்ணுக்கும் மருந்து ஒண்ணுதான், மக்கிய தொழு உரம். களியில அது காத்துக்கு வழி விடும், மணல்ல ஈரத்தைப் பிடிச்சு வைக்கும்.

அடுத்தது வடிகால். ஒரு அடி ஆழக் குழி வெட்டித் தண்ணி நிரப்புங்க. அது வடிஞ்சதும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரம் கழிச்சு எவ்வளவு இறங்கியிருக்குன்னு அளங்க. முதல் தடவை காய்ஞ்ச மண்ணு வேகமா உறிஞ்சும், அந்த அளவை நம்ப முடியாது. 2.5 முதல் 8 செ.மீ. வரை இறங்கினா நல்லது. அதுக்குக் கீழேன்னா தரைப் பாத்தி வேண்டாம், முக்கால் அடி, ஒரு அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போடுங்க. வேர் அழுகல்னு நாம சொல்ற பாதி வியாதி, தண்ணி நிக்கிற மண்ணுல வேருக்குக் காத்து கிடைக்காததால வர்றதுதான்.

மண் பரிசோதனைக்குக் கொடுக்கிறதா இருந்தா முதல் வாரமே கொடுத்திடுங்க. அஞ்சாறு இடத்துல அரை அடி ஆழத்துக்கு 'வி' வடிவத்துல வெட்டி, ஓரத்தைச் சீவி எடுத்து, கலந்து, நிழல்ல உலர்த்தி அரை கிலோ. மண்ணோட புளிப்பு-காரத்தைச் சொல்ற பி.எச். அளவு 6-க்கும் 7-க்கும் நடுவுல இருந்தா எதையும் தொடாதீங்க. முடிவைப் பார்க்காம சுண்ணாம்பு போடுறது, நோயாளியைப் பார்க்காம மருந்து எழுதுற மாதிரி.

[காட்சி: விரல்களுக்கு இடையே உருளும் ஒரு புல் தண்டு. மிக அருகில்.]

இப்போதான் உண்மையான சண்டை. களை. தண்டை ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சு உருட்டிப் பாருங்க. உருளாம மூணு மூலை தட்டுப்பட்டா அது கோரை. கையால பிடுங்கினா மேலே இருக்கிறது மட்டும் அறுந்து வரும். கீழே கிழங்கு ஒண்ணோட ஒண்ணு மணி கோத்த மாதிரி தொடுத்துக்கிட்டு இருக்கும். தலைக் கிழங்கு இருக்கிற வரை தூங்கிக்கிட்டு இருந்த மத்த கிழங்கெல்லாம், அந்தத் தொடர்பு அறுந்ததும் முளைக்கும். அதனாலதான் மண்ணை வெட்டிக் கிளறுற ரோட்டவேட்டர் எந்திரம் ஓட்டின இடத்துல கோரை முன்னைவிட அடர்த்தியா வருது. அருகம்புல்லும் இதே கதைதான், துண்டுக்கு ஒரு செடி.

முள்கரண்டி மாதிரி இருக்கிற கவைக்கோலால ஒரு அடி ஆழம் வரை மண்ணை நெம்பி, கோர்வையை முழுசா உருவுங்க. எடுத்த கிழங்கை உரக்குழியில போடாம, சிமென்ட் தரையில பரப்பி வெயில்ல சுருங்கக் காய விடுங்க. ஒரே தடவையில தீராது. புதுசா முளைச்சதை 3 வாரத்துக்குள்ள மறுபடி எடுத்திடணும், விட்டா அது அடுத்த கிழங்கைக் கட்டிடும். அட்டைப் பெட்டியைப் பிரிச்சு விரிச்சு களையை மூடுற முறை சாதாரணப் புல்லுக்கு அருமையா வேலை செய்யும். கோரை அட்டையை ஊசி மாதிரி துளைச்சுக்கிட்டு வரும்.

மண்ணைக் கிளறுறதுக்கு முன்னாடி ஒரு பிடி எடுத்து உருண்டை பிடிச்சு, இடுப்பு உயரத்துல இருந்து போடுங்க. பொலபொலன்னு உடைஞ்சா கிளறலாம். சப்பையா ஒட்டிக்கிட்டா அன்னிக்கு மண்வெட்டியைத் தொடாதீங்க. ஈரக் களியை ஒரு தடவை மிதிச்சுக் கிளறினா, அந்தக் கட்டி ஒரு பருவம் முழுக்க உடையாது.

பாத்தி 4 அடி அகலத்துக்கு மேல வேண்டாம். ரெண்டு பக்கத்துல இருந்தும் கை நடுவுக்கு எட்டணும், கால் உள்ளே போகக் கூடாது. நடைபாதை ஒன்றரை அடி. 4-க்கு 10 அடி பாத்தியில 2 அங்குல உயரத்துக்குத் தொழு உரம் பரப்பினா ஏறக்குறைய 190 லிட்டர் பிடிக்கும், அதாவது 20 லிட்டர் பக்கெட்டுல ஒன்பதரை. அதை மேல் அரை அடி மண்ணோட கலந்திடுங்க. "ஆழ உழு"ங்கிற பழமொழி, இறுகிக் கிடக்கிற புது நிலத்தை முதல் தடவை நெகிழ்த்துறதுக்குப் பொருந்தும். அப்பவும் அடிமண்ணை மேலே புரட்டிப் போட வேண்டாம்.

உரம் எப்படி இருக்கணும்? கறுப்பா, உதிரியா, மழை பெஞ்ச மண் வாசனையோட. சாண வாடையோ சூடோ இருந்தா இன்னும் மக்கலை. பச்சைச் சாணம் வேரைக் கருக்கும், கிருமியையும் கொண்டு வரும். வேற வழியில்லாம போட்டா, மண்ணைத் தொடுற கேரட், கீரை வகைக்கு அறுவடைக்கும் அதுக்கும் நடுவுல 120 நாள் இடைவெளி விடுங்க.

எருவுல இன்னொரு ஆபத்தும் இருக்கு, பலர் கவனிக்கிறதில்லை. மேய்ச்சல் நிலத்துல தெளிக்கிற சில களைக்கொல்லி, மாட்டோட வயித்தைத் தாண்டி, எரு மக்கின பிறகும் மிஞ்சி நிக்கும். சந்தேகம் இருந்தா மூணு தொட்டியில எருவும் மண்ணும் பாதிப்பாதி, மூணு தொட்டியில வெறும் மண்ணு. எல்லாத்துலயும் பீன்ஸ் விதை போட்டு 3 வாரம் பாருங்க. எருத் தொட்டியில மட்டும் இலை கிண்ணம் மாதிரி சுருண்டா, அந்த எருவைத் தோட்டத்துக்குள்ள சேர்க்காதீங்க.

[காட்சி: தெளிவான பாலித்தீன் விரித்த பாத்தி. உள்பக்கம் நீர்த்துளிகள்.]

மண்ணுல மிச்சம் இருக்கிற களை விதையைச் சூட்டாலயே கொல்லலாம். வெயில் உச்சத்துல இருக்கிற காலம்னா, உரம் கலந்து சமன் பண்ணின பாத்தியை ஒரு அடி ஆழம் நனையுற அளவுக்குத் தண்ணி விட்டு, மெல்லிய பாலித்தீனால மூடுங்க. தாள் கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கணும். கறுப்புத் தாள் சூட்டைத் தானே வெச்சுக்கும், மண்ணுக்குக் குறைவாத்தான் கொடுக்கும். தாள் மண்ணை ஒட்டிப் படியணும், ஓரத்தை மண்ணுல புதைச்சிடுங்க. 4 முதல் 6 வாரம். தாளைப் பிரிச்ச பிறகு 2 அங்குலத்துக்குக் கீழே கிளறவே கூடாது, கீழே உயிரோட இருக்கிற களை விதை மேலே வந்திடும். உரம் கலக்கிறதை முதல்லயே முடிக்கச் சொன்னது இதுக்குத்தான்.

அவ்வளவு வெயில் இல்லையா? விதைக்கிறதுக்கு 3 வாரம் முன்னாடி பாத்தியைத் தயாரா வெச்சு, செடி இருக்கிற மாதிரியே தண்ணி விடுங்க. களை முளைக்கட்டும். ரெண்டு இலை விட்டதும் களைக்கொத்தால ஒரு அங்குலம் மட்டும் சுரண்டிடுங்க. 10 நாள் கழிச்சு இன்னொரு தடவை.

விதைக்கிற அன்னிக்கு, முந்தின நாள் நனைச்ச பாத்தியில, விதையோட பருமனைப் போல ரெண்டு மூணு மடங்கு ஆழம். மூடாக்கு உடனே போடாதீங்க, முளை மூச்சுத் திணறிடும். நாத்து ஒரு சாண் வளர்ந்ததும் 2 அங்குலத்துக்குக் காய்ஞ்ச இலையோ வைக்கோலோ பரப்புங்க, தண்டைச் சுத்தி நாலு விரல் அகலம் வெறுமையா விட்டு.