காய்ச்சலும் தடுமாற்றமும்: வைரஸ் மூளையை அழற்றும் விதம்

அவையோருக்கு வணக்கம்.

மூளைக்காய்ச்சல் என்ற ஒரே பெயரை நாம் இரண்டு நோய்களுக்கு வைத்துவிட்டோம். மூளையின் உறை அழன்றால் கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, வெளிச்சம் பட்டால் கூச்சம் எல்லாம் வரும். ஆனாலும் நோயாளி பெரும்பாலும் தெளிவாகப் பேசுவார். மூளைத் திசுவே அழன்றால் பேச்சும் நடத்தையும் நினைவும் புரளும். இன்றைய பேச்சு இந்த இரண்டாவதான மூளையழற்சியைப் பற்றி. இதில் நோயாளி “எனக்கு ஒன்றுமில்லை” என்பார்; கூட இருப்பவர்தான் “இவர் இவராக இல்லை” என்பார். கூட இருப்பவரை நம்புங்கள். 24 மணி நேரமாவது நீடிக்கும் தெளிவின்மை என்று மருத்துவ வரையறை சொல்கிறது. அது நோய்க்குப் பெயரிடுவதற்கான கணக்கு. வீட்டில் உட்கார்ந்து மணி எண்ணுவதற்கு அன்று.

வைரஸ் மூளைக்குள் எப்படிப் போகிறது? ஒன்று, ரத்தம் வழியாக. கொசுக்கள் பரப்பும் ஜப்பானிய மூளையழற்சி வைரஸும் மேற்கு நைல் வைரஸும் முதலில் ரத்தத்தில் பெருகி, பிறகு ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பைக் கடக்கின்றன. எச்ஐவி, வெள்ளணுக்களுக்குள் ஒளிந்து அவற்றோடு சேர்ந்தே நுழைகிறது. இன்னொன்று நரம்பு வழி. வெறிநாய்க்கடி வைரஸ் கடிவாயின் நரம்பு நுனியில் ஏறி, நரம்பிழைக்குள் சரக்கு கொண்டுபோகும் பாதையிலேயே மூளை வரை பயணிக்கிறது. கடி பட்டதற்கும் நோய் தெரிவதற்கும் இடையே பெரும்பாலும் 1 முதல் 3 மாதம் ஆகிறது. தடுப்பூசி வேலை செய்வதற்கு நமக்குக் கிடைக்கும் அவகாசம் அதுதான்.

உள்ளே போன பிறகு நடப்பதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். வைரஸ் தன்னைப் பெருக்கும்போது உருவாகும் இரட்டை இழை ஆர்என்ஏ போன்ற துண்டுகளை, டிஎல்ஆர்3 போன்ற உணரிகள் கண்டுபிடித்து, இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரக்க வைக்கின்றன. அக்கம்பக்கத்துச் செல்கள் அதைக் கேட்டுக் கதவடைக்கின்றன. டிஎல்ஆர்3 பாதையில் பிறவிக் குறை உள்ள சில குழந்தைகளுக்கு ஹெர்பெஸ் மூளையழற்சி வருவது 2007-இல் தெரியவந்தது. உலகில் 50 வயதுக்கு உட்பட்டோரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சுமக்கும் இந்த ஹெர்பெஸ் வைரஸ், வெகு சிலரின் மூளையை மட்டும் ஏன் தாக்குகிறது என்ற கேள்விக்கு இது ஒரு பகுதி விடை.

அடுத்து மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா விழிக்கின்றன. அவை விடும் வேதிச் சைகைகள் ரத்தத்திலிருந்து டி செல்கள் என்ற வெள்ளணுக்களை அழைக்கின்றன. வரும் செல்கள் சுரக்கும் நொதிகள் தடுப்புச் சுவரையே அரிக்கின்றன. இனி நீரும் புரதமும் உள்ளே கசியும். இங்கே உடலுக்கு ஒரு சங்கடம். கல்லீரலில் நோயுற்ற செல்லைக் கொன்றுவிட்டால் புதிது முளைக்கும். நியூரான், அதாவது நரம்புச் செல், போனால் போனதுதான். அதனால் மூளையில் டி செல்கள் முடிந்தவரை இன்டர்ஃபெரான் காமாவை விட்டு, நியூரானைக் கொல்லாமலே வைரஸை அடக்கப் பார்க்கும். அது எப்போதும் பலிப்பதில்லை.

மண்டையோடு விரியாத பெட்டி. மூளை வீங்கினால் முதலில் தண்டுவட நீரும், பிறகு சிரை ரத்தமும் வெளியேறி இடம் தருகின்றன. அந்த இடமும் தீர்ந்ததும், அதுவரை மெல்ல ஏறிய அழுத்தம் சட்டென்று எகிறும். ஹெர்பெஸ் விரும்பித் தாக்குவது, நெற்றிப்பொட்டுக்கு உட்புறம் உள்ள மூளைப் பகுதியான பொட்டுமடலை. அது வீங்கிக் கீழிறங்கி, கண்ணை அசைத்துக் கண்பாப்பாவைச் சுருக்கும் நரம்பை நசுக்கினால் ஒரு பக்கக் கண்பாப்பா விரியும். விரிந்த பாப்பாவைக் கண்டபின் மிச்சமிருப்பது நிமிடங்கள்.

ஹெர்பெஸை இவ்வளவு வலியுறுத்தக் காரணம், மூளையழற்சி வைரஸ்களில் நல்ல மருந்து உள்ளவை மிகச் சில. அவற்றில் முதலாவது இது. சிகிச்சை இல்லையேல் 100 பேரில் சுமார் 70 பேர் இறப்பார்கள். அந்த மருந்து அசைக்ளோவிர்: பெரியவர்களுக்குக் கிலோவுக்கு 10 மி.கி., 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, சிரை வழியாக, 14 முதல் 21 நாள். 60 கிலோ எடை என்றால் வேளைக்கு 600 மி.கி. குழந்தைகளுக்குக் கணக்கு வேறு. மாத்திரையாகக் கொடுத்தால் ஐந்தில் ஒரு பங்குகூட உடலில் சேர்வது கடினம். இந்த நோய்க்கு அது உதவாது. ஒரு மணி நேரமாவது எடுத்து மெல்ல ஏற்ற வேண்டும். அவசரப்பட்டாலோ உடலில் நீர் குறைந்திருந்தாலோ மருந்து சிறுநீரக நுண்குழல்களில் படிகமாகி அடைக்கும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவைத் தொடர்ந்து பார்த்து, சிறுநீரகம் தளர்ந்தால் அளவைக் குறைக்க வேண்டும்.

தண்டுவட நீரில் பொதுவாக லிம்போசைட் என்ற வெள்ளணு கூடியிருக்கும், புரதம் சற்று ஏறியிருக்கும், சர்க்கரை இயல்பாக இருக்கும். அந்த நீரில் வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் மிக நம்பகமான சோதனைதான். ஆனால் நோய் தொடங்கிய முதல் 72 மணி நேரத்தில் பொய்யாக ‘இல்லை’ என்று வரலாம். எம்ஆர்ஐ பொட்டுமடலில் பாதிப்பைக் காட்டும்போது ஒரு ‘இல்லை’யை வைத்து மருந்தை நிறுத்துவது பெரும்பிழை, 3 முதல் 7 நாளுக்குள் மறுபடி நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். அழுத்தம் ஏறிய அறிகுறி இருந்தால் முதலில் ஸ்கேன், பிறகே தண்டுவட நீர் எடுக்கும் ஊசி. ஸ்கேனுக்கு வரிசை நீண்டால் மருந்தை அதற்காகக் காக்க வைக்கக் கூடாது.

கடைசியாக, பலர் தவறவிடும் ஒன்று. சிகிச்சை முடிந்து தேறிய நோயாளி, அடுத்த இரண்டு மூன்று மாதங்களுக்குள் மறுபடி குழம்புகிறார், அல்லது குழந்தையின் கைகால்கள் தாமாக நெளிகின்றன. வைரஸ் திரும்பியிருக்கலாம் என்று பிசிஆர் செய்தால் ‘இல்லை’ என்று வருகிறது. வைரஸ் உடைத்த நியூரான்களைக் கண்டு பழகிய தடுப்பாற்றல், இப்போது நியூரான்களின் மேலுள்ள ஏற்பிகளுக்கு, பெரும்பாலும் என்எம்டிஏ ஏற்பிகளுக்கு, எதிராகவே எதிர்ப்பான் செய்கிறது. ஹெர்பெஸ் மூளையழற்சி கண்டவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இவ்வகைத் தன்னெதிர்ப்பு மூளையழற்சி தொடர்கிறது. இதற்கு அசைக்ளோவிர் பயனில்லை. தடுப்பாற்றலைத் தணிக்கும் ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் வேண்டும். ஆகவே மீண்டும் தடுமாற்றம் என்றால், தண்டுவட நீரை பிசிஆருக்கு அனுப்பும்போதே இந்த எதிர்ப்பான் சோதனைக்கும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.