64 நாள் கழித்து வந்த கிருமி

வணக்கம் நேயர்களே. பாக்டீரியாவின் மரபணுவை முழுசாகப் படிப்பதால் நோயாளிக்கு என்ன லாபம் என்று பலர் கேட்கிறார்கள். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 2011-இல் நடந்ததைச் சொல்கிறேன்.

அங்கே ரோஸி மருத்துவமனையில், பச்சிளம் குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவில், எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற கிருமி மாதக்கணக்கில் தலைகாட்டிக்கொண்டே இருந்தது. பல ஆன்டிபயாடிக்குகளுக்கு மசியாத கிருமி. இது ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்குப் போனதா, இல்லை தனித்தனியாக வெளியிலிருந்து வந்ததா? வழக்கமான பரிசோதனைகளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இந்தக் கிருமியின் டி.என்.ஏ. சுமார் 28 லட்சம் எழுத்து நீளம். அது பெருகப் பெருக, ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு ஒரு எழுத்து மாறும். அதனால் இரண்டு மாதிரிகளுக்கு நடுவே சில எழுத்துகளே வேறுபட்டால் அவை சமீபத்தில் பிரிந்தவை, நூற்றுக்கணக்கில் வேறுபட்டால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. கேம்பிரிட்ஜின் நுண்ணுயிரியலாளர் ஷேரன் பீகாக்கின் குழுவினர், மரபணு ஆய்வு செய்யும் சாங்கர் நிறுவனத்தோடு சேர்ந்து இப்படி ஒப்பிட்டபோது, தொடர்புடையவர்கள் 26 பேர் என்று தெரிந்தது. அவர்களில் தாய்மார்களும் இருந்தார்கள், மருத்துவமனைக்கு வெளியே இருந்தவர்களும் இருந்தார்கள்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். கிருமியோடிருந்த கடைசிக் குழந்தை வீட்டுக்குப் போய் 64 நாள் ஆன பிறகு, பிரிவையே கழுவித் துடைத்த பிறகும், இன்னொரு குழந்தையிடம் எம்.ஆர்.எஸ்.ஏ. வந்தது. மரபணுவைப் படித்தால், அதே வம்சம்! இடைப்பட்ட நாட்களில் அது எங்கே இருந்தது? ஊழியர்கள் 154 பேரைச் சோதித்தார்கள், ஒருவரிடம் இருந்தது. மூக்கிலும் தோலிலும் சத்தமில்லாமல் தங்கும் கிருமி இது, சுமப்பவருக்கே தெரியாது. அவருக்குச் சிகிச்சை கொடுத்து அதை நீக்கினார்கள். அவர் பெயர் ஆய்வறிக்கையில் இல்லை. அதுதான் சரியான முறை என்று நான் உறுதியாக நம்புகிறேன், ஏனென்றால் கிருமி இருந்தவரைக் குற்றவாளி போல நடத்தினால் அடுத்த முறை யாரும் மூக்கைக் காட்ட வரமாட்டார்கள்.

ஆய்வகத்தில் வேலை செய்பவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள். கேம்பிரிட்ஜில் பழைய மாதிரிகளைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் இவ்வளவும் முடிந்தது. மரபணுவைப் படிக்கும் கருவி வாங்கப் பணம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், கிருமி மாதிரியை உறையவைத்து, தேதியையும் வார்டையும் எழுதி வையுங்கள். படிக்கும் வேலையைப் பிறகுகூடச் செய்துகொள்ளலாம்.