வாய்க்காலுக்கு வடக்கு

(ஊர் மரபு மன்றத்தின் ஆண்டு விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, தலைமையாசிரியர் ஐயா அவர்களே, பந்தலுக்கு இடம் கொடுத்த பெரியவர் அவர்களே, வெயிலில் நிற்கும் தாய்மார்களே, வணக்கம். போர்த்திய பொன்னாடையைச் செயலாளர் அப்போதே மடித்து வாங்கிக்கொண்டார். அடுத்த பேச்சாளருக்கும் அதுதான் போலிருக்கிறது!

மன்றத்தின் வரலாறு, தொண்டு, கல்வெட்டு என்று மூன்று செய்தி சொல்ல வந்தேன்.

1911இல் தஞ்சையில் தொடங்கிய கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1925இல் 'தமிழ்ப்பொழில்' என்று இதழே நடத்தியது. நாம் ஏழு பேரும் ஒரு ரசீதுப் புத்தகமுமாகத் தொடங்கியவர்கள். ஆனாலும் ஊர் கூடினால்தானே தேர் நகரும்? 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த மறுநாள், ஓலைச்சுவடிகளை மூட வாங்கிய தார்ப்பாயைத்தான் கூரை போன வீடுகளுக்குக் கட்டினோம்.

சரி, கல்வெட்டுக்கு வருகிறேன். குளத்தங்கரையில் துணி துவைக்கிற கல் ஒன்று உண்டல்லவா? போன மாசியில் பிள்ளைகள் அதைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, பிரஷால் தட்டிக்கொண்டிருந்தார்கள். துணி மூட்டையோடு ஒரு பாட்டி வந்தார். "ஏன்டா தம்பி, கல்லுக்குக் காய்ச்சலா? பத்துப் போடுறீங்க?"

"எழுத்து இருக்கு பாட்டி."

"எங்க மாமியா காலத்துலேர்ந்து தேய்க்கிறோம். அழுக்கு போச்சு, எழுத்து போகலியா!"

தாளில் மை ஒற்றிப் படியெடுத்ததும் தெளிவாகத் தெரிந்தது ஒரே துண்டுதான்: 'வாய்க்காலுக்கு வடக்கு'. சோழர் காலத்தில் நிலத்துக்கு எல்லை எழுதுகிற முறை அது. படித்துக் காட்டினோம். பாட்டி தெற்கே திரும்பி, "அந்த மாட்டுக் கொட்டகை இருக்குற எடத்துலதான் எங்க மாமனார் கெண்டை புடிச்சாரு. கொளத்துக்குத் தண்ணி வந்ததே அந்த வாய்க்காலாலதான்" என்றார். கல்லில் வாய்க்கால் இருக்கிறது, ஊரில் இல்லை!

திருவாரூரில் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்பார்கள். வேலி என்பது பழைய நில அளவு. சாமிக்குச் சரிசமமாகத் தண்ணீருக்கும் இடம் விட்டவர்கள் நம் முன்னோர். நாம் கோபுரத்துக்கு வர்ணம் அடிக்கிறோம், வாய்க்காலில் குப்பை கொட்டுகிறோம். அம்மையார் கோபிக்கக் கூடாது, கொட்டகைக்காரர் எனக்கும் பங்காளிதான். அவருக்கு வேறு இடம் கொடுத்துவிட்டு வாய்க்காலை வெட்டுவோம். மேட்டூரை ஜூன் 12இல் திறந்தால் தண்ணீர் கடைமடைக்கு வருவதற்குள் வெட்டியாக வேண்டும். ஊர் கூடினால்தான் தேர் நகரும், வாய்க்காலும் அப்படித்தான்.

மணி அடித்துவிட்டார்கள். தொண்டுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்குக் குளத்தின் தென்கரை. மண்வெட்டி இல்லாதவர்கள் சும்மாடாவது கொண்டுவாருங்கள், மண் சுமக்க ஆள் வேண்டும்.