அடிவானத்துல இருக்குற நெபுலாவை படம் புடிக்கிறது எப்படி?

நெபுலான்னா விண்வெளியில இருக்குற வாயு, தூசி மேகம். அடிவானத்தை ஒட்டி இருந்த ஒரு நெபுலாவை எடுத்த ஃபோட்டோ இது, இதுல ஒரு நட்சத்திரத்தை மட்டும் ஜூம் பண்றேன், பாருங்க. மேல் விளிம்பு நீலமா இருக்கு, கீழ் விளிம்பு செவப்பா இருக்கு. லென்ஸ் கோளாறா இருந்தா பெரும்பாலும் கலர் சுத்தி வளையமா வந்திருக்கும், ஃப்ரேம் முழுக்க ஒரே மாதிரி இப்படி மேலயும் கீழயும் பிரிஞ்சிருக்காது. இது வளிமண்டலத்துக் காத்தோட வேலை.

தலைக்கு நேர் மேல பாக்கும்போது எவ்வளவு காத்து குறுக்க நிக்குதோ, அடிவானத்துலேர்ந்து 30 டிகிரி உயரத்துல அதைப் போல 2 மடங்கு, 10 டிகிரிக்கு இறங்கிட்டா கிட்டத்தட்ட 5.6 மடங்கு. அவ்ளோ காத்தும் சேந்து ஒரு பிரிஸம் மாதிரி ஆகி நீலத்தை கொஞ்சம் அதிகமா வளைக்குது, அதோட நீலத்தைத்தான் அதிகமா சிதறடிச்சும் விட்டுடுது, அதனால படம் மங்கலா பழுப்படிச்ச மாதிரி வருது.

சரி, எப்ப எடுக்கணும்? என்னைக் கேட்டா பாதி வெற்றி இதுலதான் இருக்கு. லகூன் நெபுலா, அதான் எம் 8, அதை எடுத்துக்குவோம். வடக்கு 50 டிகிரி அட்சரேகைல நின்னு பாத்தா அது நேர் தெற்கே மெரிடியனுக்கு, அதாவது அன்னிக்கு அது ஏறுற உச்ச உயரத்துக்கு, வரும்போதுகூட 16 டிகிரியைத் தொடாது. அதுக்கு 1 மணி நேரம் முன்னாடியோ பின்னாடியோ பாத்தா ஒரு டிகிரி சொச்சம்தான் குறைஞ்சிருக்கும், ஆனா 3 மணி நேரம் தள்ளிட்டா 6 டிகிரிகூட இல்ல. அந்த நடு 2 மணி நேரம்தான் உங்க நேரம். மத்த நேரத்துல எடுத்த ஃப்ரேமை ஸ்டாக்ல, அதாவது நிறைய படத்தை ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கி ஒரே படமாக்கும்போது, சேக்காதீங்க, மனசு கேக்காதுதான், ஆனா அது நல்ல ஃப்ரேமையும் சேத்து கெடுத்துடும். அதுக்குப் பதிலா நாலஞ்சு ராத்திரி அதே 2 மணி நேரத்தை சேத்து வைங்க.

மோனோ கேமரா, அதாவது கறுப்பு வெள்ளையில மட்டும் எடுத்து ஒவ்வொரு கலருக்கும் தனி ஃபில்டர் போடுற கேமரான்னா நீல ஃபில்டரை மெரிடியன் ஒட்டி போடுங்க, செவப்பை முன்ன பின்ன வச்சுக்கலாம். ஹைட்ரஜன் வாயு விடுற செவப்பு ஒளியை மட்டும் உள்ள விடுற ஹைட்ரஜன் ஆல்ஃபா ஃபில்டர் இருந்தா இன்னும் நல்லது, அலைநீளம் 656 நானோமீட்டர், நல்ல ஆழ்ந்த செவப்பு, காத்துல சிதறுறது கம்மி, ரொம்ப குறுகலான பட்டைங்கறதால கலர் பிரியறதுக்கும் வழியில்ல. கேலக்ஸிக்கு இது பெருசா உதவாது, லகூன் மாதிரி தானே ஒளி விடுற எமிஷன் நெபுலாவுக்குத்தான்.

கலர் கேமரா வச்சிருக்கவங்க ஸ்டாக் பண்ணி முடிச்சதும் செவப்பு, பச்சை, நீலம் 3 சேனலையும் தனித்தனியா பிரிச்சிடுங்க. பச்சையை அசையாம வச்சு மத்த ரெண்டையும் அதுமேல அலைன் பண்ணி, அதாவது நட்சத்திரமெல்லாம் சரியா ஒண்ணுமேல ஒண்ணு பொருந்துற மாதிரி நகத்தி, திரும்ப சேருங்க. இப்ப அதே நட்சத்திரத்தை மறுபடி ஜூம் பண்றேன். நீல விளிம்பும் செவப்பு விளிம்பும் போயிடுச்சு, ஒவ்வொரு சேனலுக்குள்ளயும் இருந்த லேசான நீட்சி மட்டும் மிஞ்சியிருக்கு.