ரிடிக் போவ் ஏற்றிய ஐந்து கிலோ

(மதுரையில் இளம் குத்துச்சண்டை வீரர்களுக்கான பரிசளிப்பு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும், வேலையை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோர்களுக்கும், கழுத்தில் மெடலோடு முன்வரிசையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

ஜெயித்த பிள்ளைகள் முன்னால் ஜெயித்த ஒருவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அமெரிக்க ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) பாக்ஸர் ரிடிக் போவ். தொழில்முறையில் 45 சண்டை. 43 வெற்றி, ஒரே ஒரு தோல்வி, ஒன்று முடிவில்லாமல் போனது. இவரைப் போய் வீணாய்ப் போனவர் என்று சொல்லலாமா? பாக்ஸிங் தெரிந்தவர்கள் என்னிடம் சண்டைக்கே வருவார்கள். ஆனாலும் வருத்தத்தோடு அப்படித்தான் சொல்கிறேன்.

நியூயார்க்கில் பிரவுன்ஸ்வில் என்ற ஏழைப் பகுதி. மைக் டைசன் வளர்ந்ததும் அங்கேதான். 13 பிள்ளைகள் உள்ள வீட்டில் பன்னிரண்டாவதாகப் பிறந்தவர் போவ். ஆறடி ஐந்தங்குல உயரம். 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் லென்னக்ஸ் லூயிஸிடம் இரண்டாவது ரவுண்டிலேயே தோற்று வெள்ளியோடு திரும்பினார். "திறமை இருக்கு, உழைக்கமாட்டான்" என்று பேச்சு கிளம்பிவிட்டது. எடி ஃபட்ச் என்ற பெரிய பயிற்சியாளர், அப்போதே எண்பதை நெருங்கியவர், இவரைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கினார்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? தான் வெளியூர் போவதாகவும், காலை ஓட்டத்தைத் தனியாக முடித்துவிடும்படியும் சொல்லிவிட்டார். ஆனால் எங்கும் போகவில்லை. விடியும் முன்னே எழுந்து, அந்தப் பாதையில் மறைவாக நின்று பார்த்தார். குளிரில், யாரும் பார்க்காத ரோட்டில், போவ் ஓடி வந்தார். அப்புறம்தான் ஃபட்ச் அவரை முழுசாக ஏற்றுக்கொண்டார். இன்றைக்கு அதிகாலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி ஓடிவிட்டு இங்கே வந்திருக்கிற தம்பிகளுக்கு அந்த இருட்டும் தெரியும், அந்தத் தனிமையும் தெரியும்.

1992 நவம்பர் 13, லாஸ் வேகாஸ். எதிரில் அதுவரை தோற்காத சாம்பியன் எவாண்டர் ஹோலிஃபீல்டு. பத்தாவது ரவுண்டை மட்டுமாவது தேடிப் பாருங்கள். ரவுண்டு தொடங்கியதும் போவ் கீழிருந்து மேலாக ஒரு குத்து, அப்பர்கட், விடுகிறார், ஹோலிஃபீல்டு தள்ளாடுகிறார், ஒரு நிமிடத்துக்கு மேல் அடி மழையாக விழுகிறது. முடிந்தது என்று நினைக்கும்போது ஹோலிஃபீல்டு திருப்பி அடிக்கிறார். போவ் அதையும் வாங்கிக்கொண்டு நின்றார், ஜெயித்தார். வயது 25. அவ்வளவு பெரிய உடம்போடு நெருங்கி நின்று அப்படிக் குத்தியவர்கள் குறைவு.

ஒரு மாதம் கழித்து லண்டனில், அந்த வெற்றியில் கிடைத்த மூன்று உலகப் பட்டங்களில் ஒன்றின் பெல்ட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டார். அந்தப் பட்டத்துக்காக அவர் மோத வேண்டியிருந்தது அதே லென்னக்ஸ் லூயிஸோடு. பணப் பேச்சு ஒத்துவரவில்லை என்பது உண்மைதான். ஆனால் சியோலின் கணக்கை அவர் கடைசிவரை தீர்க்கவே இல்லை. எனக்கு ஆறாத வருத்தம் இதில்தான்.

அடுத்த வருடம் இரண்டு சுலபமான சண்டைகள். ஒன்று முதல் ரவுண்டில், இன்னொன்று இரண்டாவதில் முடிந்தது. மற்ற நாளெல்லாம் விழா, விருந்து, பாராட்டு. நம் ஊரில் நடக்காததா? மாநில அளவில் ஒரு மெடல் வந்தால் கோரிப்பாளையத்தில் பிளக்ஸ் ஏறுகிறது. மாமா வீட்டில் விருந்து, சித்தப்பா வீட்டில் விருந்து, ராத்திரி பரோட்டா. பயிற்சிக்கு ஏன் வரவில்லை என்று கேட்டால், "ஜெயிச்ச பிள்ளை, விடுங்க சார்" என்கிறோம்.

1993 நவம்பர் 6, மறுபடியும் ஹோலிஃபீல்டு. முதல் சண்டைக்கு 235 பவுண்டு இருந்த போவ் இப்போது 246. ஐந்து கிலோ கூடுதல். ஏழாவது ரவுண்டில் ஒருவர் பாராசூட்டில் வந்து ரிங் கயிற்றில் விழுந்ததால் இருபது நிமிடத்துக்கு மேல் சண்டை நின்றது. பாராசூட்டால்தான் தோற்றார் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பட்டம் மிகக் குறைந்த புள்ளி வித்தியாசத்தில் கைவிட்டுப் போனது. அந்த ஐந்து கிலோ போதும் அதற்கு.

1995இல் மூன்றாவது சண்டையில் ஹோலிஃபீல்டை நாக் அவுட் செய்தார். திறமை எங்கேயும் போய்விடவில்லை. 1996 ஜூலையில் போலந்துக்காரர் ஆண்ட்ரூ கோலோட்டாவோடு மோத வந்தபோது போவின் எடை 252 பவுண்டு. புள்ளியில் பின்தங்கியிருந்தார், கோலோட்டா இடுப்புக்குக் கீழே குத்திக்கொண்டே இருந்ததால் தகுதி நீக்கமாகி, வெற்றி இவருக்கு வந்தது. ஃபட்ச் விலகிக்கொண்டார். டிசம்பரில் மறுபடி அதே கோலோட்டா, மறுபடி அதே தகுதி நீக்கம். ஆனால் அதற்குள் போவ் தலையில் வாங்கிய அடிக்குக் கணக்கே இல்லை. சண்டை முடிந்து பேசும்போது நாக்கு குழறியது. முப்பது வயதுகூட ஆகவில்லை.

தயாரிப்பில்லாமல் கிரிக்கெட் ஆடினால் அவுட் ஆவோம். தயாரிப்பில்லாமல் ரிங்கில் ஏறினால் மூளை அடி வாங்கும். 1975இல் மணிலாவில் முகமது அலிக்கு எதிராக, ஒரே ஒரு ரவுண்டு மிச்சமிருக்கும்போது, ஜோ ஃப்ரேசியர் கெஞ்சியும் சண்டையை நிறுத்தியவர் இதே ஃபட்ச். அந்த டிசம்பர் ராத்திரியில், ரிங் மூலையில் பயிற்சியாளர் நிற்கும் இடத்தில், போவுக்காக அவர் இல்லை.

கோச்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்த டிசம்பர் சண்டைக்குப் போவ் எடையைக் குறைத்து மறுபடி 235க்கு வந்திருந்தார். எடை மிஷின் சரியென்றுதான் காட்டியது. உடம்பு தயாரா என்பதை அது காட்டாது. அதனால் மிஷினோடு வருகைப் பதிவேட்டையும் பாருங்கள். ஒரு மாதம் பயிற்சிக்கு வராத பையனை, போன வருட சாம்பியனாகவே இருந்தாலும், ரிங்கில் ஏற்றாதீர்கள். அவன் வீட்டில் கோபித்துக்கொண்டால் என்னைக் கூப்பிடுங்கள், நான் வந்து பேசுகிறேன்.