காய்ந்த பிறகு தெரியும் நிறம்

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

இங்க் பேனாவில் எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்களா என்று கேட்பவர்கள், குன்னூரில் நாங்கள் சில பேர் ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூடும் வீட்டுக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். கோத்தகிரியிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியை வருவார். தேயிலைத் தொழிற்சாலையில் காலமெல்லாம் கணக்கு எழுதிய பெரியவர் ஒருவர், கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், அப்புறம் பள்ளியில் வேதியியல் நடத்திய நான். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த புத்தகத்திலிருந்து ஒரு பத்தியைத் தாளில் எழுதிக்கொண்டு வர வேண்டும். அதில் புத்தகத்தின் பெயர் இருக்கக் கூடாது, மையின் பெயரும் இருக்கக் கூடாது. மற்றவர்கள் இரண்டையும் சொல்ல வேண்டும்.

புத்தகத்தை யாராவது ஒருவர் சீக்கிரம் சொல்லிவிடுவார். மையைச் சொல்வதற்குள்தான் இருட்டிவிடும்.

நீலம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். கேமல் நீலம், பிரில் நீலம், செல்பார்க் நீலம், சுலேகா நீலம் நான்கையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், ஒன்று இன்னொன்றைப் போல இருக்காது. சுலேகா வங்காளத்தில் 1934இல் சுதேசி இயக்கத்தின் வேகத்தில் பிறந்த மை. இடையில் நின்றுபோய், இப்போது மறுபடியும் வருகிறது. அந்தப் பெரியவர் அதை விட்டு வேறு எதிலும் எழுதமாட்டார்.

ஒரே மையும் எப்போதும் ஒரே நிறத்தில் நிற்பதில்லை. பட்டை நிப்பில் எழுதினால் கோட்டின் முடிவில் மை தேங்கி அடர்த்தியாகும், மெல்லிய நிப்பில் வெளுத்துத் தெரியும். சற்றே பழுப்பேறிய தாளில் நீலம் பச்சைப் பக்கம் சாயும். வழவழப்பான தாளில் சில அடர்நீல மைகள் ஓரத்தில் செம்பு போல மின்னும். சாயம் தாளுக்குள் இறங்காமல் மேலேயே காய்ந்து படிவதால் வரும் மினுக்கம் அது. மஞ்சள் பல்பின் கீழே ஊதாவையும் கறுப்பையும் பிரித்துச் சொல்லவே முடியாது. கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பி "இது என்ன மை?" என்று கேட்கிறவர்களிடம் நான் பதில் சொல்வதில்லை. எழுதி, நன்றாகக் காயவிட்டு, மறுநாள் பகல் வெளிச்சத்தில் சன்னலோரம் வைத்துப் பார்த்தால்தான் நிறத்தைச் சொல்ல முடியும்.

மறுநாள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழைய முறையில் செய்த ப்ளூ பிளாக் மை எழுதும்போது நீலமாக இருக்கும், நேரம் போகப் போகக் கறுக்கும். அதில் இருப்பது இரும்பு உப்பும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும். இரண்டும் சேர்ந்த கரைசலுக்குப் பாட்டிலில் இருக்கும்வரை அவ்வளவாக நிறம் கிடையாது. எழுதுகிறவர் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று நீலச் சாயம் கலக்கிறார்கள். தாளில் காற்றுப் பட்டதும் இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து கறுப்பாக மாறி, தாளின் நாரைப் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் தண்ணீர் பட்டாலும் எழுத்து போகாது. பத்திரங்களையும் பதிவேடுகளையும் இந்த மையில் எழுதியது அதனால்தான். பல பத்தாண்டுகள் கழித்து அந்தக் கறுப்பு பழுப்பாகவும் மாறலாம். இன்று கடையில் ப்ளூ பிளாக் என்று வாங்கும் பலவற்றில் இரும்பே கிடையாது, வெறும் சாயம்தான்.

இது எங்கேயோ சீமையில் பிறந்த வித்தை அல்ல. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சிய நாடு இது. அன்னபேதி என்பது இரும்பு உப்புதான், துவர்ப்பைக் கொடுப்பது கடுக்காய். நம் மலையிலோ துவர்ப்புக்குப் பஞ்சமே இல்லை. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்ட சீகை மரத்தின் பட்டை முழுக்க டானின், தோல் பதனிடப் போனது அது. நாம் குடிக்கிற தேநீரிலும் அந்தத் துவர்ப்பு உண்டு. ஆறிய தேயிலை டிகாஷனில் துருப்பிடித்த ஆணி ஒன்றைப் போட்டு ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள், கறுத்துவிடும். ஆனால் அதைப் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள். நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டையில் கசடு அடைத்துக்கொண்டால் பேனா போய்விடும்.

மையைப் பிரித்துப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சாக்பீஸ் போதும். அதன் அடியிலிருந்து ஒரு விரல் உயரத்தில் மைப் புள்ளி வைத்து, புள்ளி நனையாதபடி சிறிது தண்ணீரில் நிறுத்துங்கள். தண்ணீர் மேலே ஏற ஏறச் சாயங்கள் பிரிந்து தனித்தனியாக ஏறும். சில கறுப்பு மைகளுக்குள் ஊதா, நீலம், மஞ்சள் எல்லாம் ஒளிந்திருக்கும். வகுப்பில் இதைச் செய்து காட்டும்போது பின்பெஞ்சுப் பையன்கள்கூட மேசையைச் சுற்றி வந்து நிற்பார்கள்.

போன மழைக்காலத்தில் ஆசிரியை ஊதா மையில் ஒரு பத்தி எழுதி வந்தார். கல்லூரிப் பெண் இரண்டு வரிதான் படித்தாள். "டீச்சர், இது குறிஞ்சித்தேன்தானே? மை கலரே சொல்லுதே!" என்றாள். ராஜம் கிருஷ்ணன் எழுதிய, நீலகிரிப் படகர் மக்களின் வாழ்க்கையைச் சொல்லும் நாவல் அது. ஆசிரியையும் படகர்தான். "புத்தகம் சரிம்மா. ஆனா பூவோட கலர் இது இல்ல, நீலம் இன்னும் கொஞ்சம் வேணும்" என்றார். பெரியவர் விடவில்லை. 2018இல் கொடைக்கானல் பக்கம் குறிஞ்சி பூத்தபோது போய்ப் பார்த்தவர் அவர், ஊதாதான் என்று சாதித்தார். உண்மையில் இரண்டு பேர் சொன்னதும் சரி. நீலக்குறிஞ்சி மலரும்போது வெளிர்நீலமாக இருந்து, முதிர முதிர ஊதா ஏறும். அன்று பேச்சு மையிலிருந்து நாவலுக்குப் போய், பாட்டி காலத்துத் தினை வயல், எருமைப் பட்டி என்று ஆசிரியை சொல்லச் சொல்ல, கடைசிப் பேருந்து நேரமே வந்துவிட்டது. பிடித்த புத்தகத்தைக் கையால் எழுதி வரச் சொல்வது இதற்காகத்தான். வேகமாகப் படித்துத் தாண்டிப் போன வரியை எழுதும்போது தாண்ட முடியாது.

குறிஞ்சி நிறத்துக்காக மை கலக்க விரும்புகிறவர்கள், முதலில் சின்னக் குப்பியில் சில சொட்டுக் கலந்து ஒரு நாள் வைத்துப் பாருங்கள். சில மைகள் சேர்ந்தால் திரிந்துவிடும். ஊதா மையில் எழுதியதை வெயிலில் வைக்காதீர்கள். காயத்துக்குத் தடவும் ஜென்ஷன் வயலட் இருக்கிறதே, பழைய ஊதா மைகள் அந்தக் குடும்பம்தான், வெளிச்சத்தில் வெளுத்துவிடும். பழைய சிவப்பு மைகளில் இருந்த ஈயோசின் சாயமும் அப்படித்தான்.

மேட்டுப்பாளையத்திலிருந்து பேனாவோடு மலை ஏறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உதகை வந்து சேர்வதற்குள் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். பாதி மை இருக்கும் பேனாவில் மீதி இடத்துக் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும், சட்டைப் பை நனையும். ஒன்று முழுக்க நிரப்புங்கள், இல்லையென்றால் காலி செய்துவிடுங்கள். நிப்பு மேலே பார்த்தபடி இருக்கட்டும்.

எனக்கு மனசு பதைக்கும் விஷயம் ஒன்று உண்டு. பழைய புத்தகத்தை விற்கும்போது, பெயர் எழுதிய முதல் பக்கத்தைக் கிழித்துவிடுகிறார்கள். "அன்புத் தங்கைக்கு, உன் கல்யாண நாளில்" என்று ஓர் அண்ணன் எழுதிய பக்கம் அது. அந்த எழுத்து பழுப்பேறியிருந்தால் இரும்பு மையாக இருக்கலாம் என்று ஊகிக்கலாம். நீலம் மங்கிப் படர்ந்திருந்தால், கழுவினால் போகும் ராயல் ப்ளூவாக இருந்திருக்கலாம். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், ஆனால் தண்ணீர் தொட்டு எழுத்து போகிறதா என்று மட்டும் அதில் சோதிக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கோத்தகிரி, குன்னூர் வீடுகளின் வெளிச்சுவர் ஓதம் காத்துவிடும், அந்தச் சுவரை ஒட்டிப் புத்தக அலமாரியைப் போடாதீர்கள். நீங்கள் இனி யாருக்காவது புத்தகம் கொடுத்தால், முதல் பக்கத்தில் பெயரையும் தேதியையும் எழுதி, கீழே ஓரத்தில் சின்னதாக மையின் பெயரையும் எழுதிவிடுங்கள். பின்னால் வருகிறவர்கள் ஊகிக்க வேண்டியதில்லை.

நன்றி, வணக்கம்.